மாதிரி ஐ.நா. மாநாட்டுக்குத் தயாராவது எப்படி: ஆய்விலிருந்து உரை வரை

மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக அமர்ந்து ஐ.நா. கூட்டத்தை நடத்திப் பார்க்கும் மாதிரி ஐக்கிய நாடுகள் மாநாட்டில் எழுந்து நிற்கும் மாணவர் தம்முடைய பெயரில் பேசுவதில்லை. ஒரு நாட்டின் பெயரில் பேசுகிறார். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்கள்கூட இந்த மாநாடுகளின் முதல் அமர்விலேயே திணறிப்போவதற்கு இதுவே காரணம். அங்கே சொந்தக் கருத்தும் குரல்வளமும் கைகொடுக்கும். இங்கோ தமக்கு ஒதுக்கப்பட்ட நாடு எதை விரும்புகிறது, எதற்கு அஞ்சுகிறது, எதுவரை விட்டுக்கொடுக்கும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை அறிந்துகொண்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

அணு ஆயுதங்கள் பற்றிய ஒரு குழு விவாதத்தில் நான் தலைவருக்கு உதவியாக அமர்ந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நார்வேயின் பிரதிநிதியாக வந்த மாணவி மிகத் தெளிவாகப் பேசி, அணு ஆயுதத் தடை உடன்படிக்கையில் எல்லா நாடுகளும் உடனே கையெழுத்திட வேண்டும் என்று முடித்தார். அடுத்து எழுந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நார்வே கையெழுத்திட்டுவிட்டதா?" மாணவியிடம் பதில் இல்லை. அணு ஆயுதங்களையும் தன் பாதுகாப்பின் பகுதியாகக் கொண்ட நேட்டோ இராணுவக் கூட்டணியில் நார்வே உறுப்பு நாடு. அந்த உடன்படிக்கையில் அது சேரவில்லை. ஆனால் அவர் படித்ததும் பொய்யன்று. அணு ஆயுதங்களின் மனிதாபிமான விளைவுகள் பற்றிய சர்வதேச மாநாட்டை 2013-இல் ஆஸ்லோவில் நடத்தியது நார்வேதான். மாநாடு நடத்தியதைப் படித்தவர், கையொப்பப் பட்டியலைப் பார்க்காமல் விட்டுவிட்டார். பத்து நிமிட வேலை அது. அன்று முழுவதும் அவர் மீண்டும் பேச எழவே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இந்த வழிகாட்டியை எழுதும்போது அவரைப் போன்ற ஒருவரைத்தான் மனத்தில் வைத்திருக்கிறேன்.

எல்லாப் படிகளையும் ஒரே எடுத்துக்காட்டை வைத்து விளக்குகிறேன். குழு, பொதுச் சபையின் முதற்குழு. அதாவது ஆயுதக் குறைப்பையும் சர்வதேசப் பாதுகாப்பையும் கவனிக்கும் குழு. பொருள், அணுச் சோதனைகளால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவுதலும் மாசடைந்த நிலத்தைச் சீரமைத்தலும். நாடு, கஜகஸ்தான். உங்களுக்கு வேறு நாடும் வேறு பொருளும் கிடைத்திருக்கலாம். வேலை செய்யும் முறை மாறாது.

முதல் படி: உங்கள் குழுவால் என்ன செய்ய முடியும் என்று பாருங்கள்

நாட்டைப் பற்றித் தேடத் தொடங்குவதற்கு முன், மாநாட்டின் நடைமுறை விதிகளையும் குழுவின் பின்னணிக் கையேட்டையும் முழுமையாகப் படித்துவிடுங்கள். ஓர் உரைக்கு எத்தனை விநாடி, உரையின் முடிவில் மிச்ச நேரத்தை யாருக்கு ஒப்படைக்கலாம், முன்கூட்டியே எழுதிய வரைவுகள் அனுமதிக்கப்படுமா என்பவையெல்லாம் மாநாட்டுக்கு மாநாடு வேறுபடும். பல மாநாடுகளில் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வரும் தீர்மான வரைவுக்கு அனுமதி இல்லை. அதை அறியாமல் வரைவை அச்சிட்டு வந்து தகுதியிழந்தவர்கள் உண்டு.

அடுத்து, குழுவின் அதிகார எல்லை. ஐ.நா. சாசனத்தின்படி பாதுகாப்பு சபையின் முடிவுகளை ஏற்றுச் செயல்படுத்த உறுப்பு நாடுகள் கடமைப்பட்டவை. 25-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பொதுச் சபையின் தீர்மானங்களோ பொதுவாகப் பரிந்துரைகள்தாம். ஆகவே முதற்குழுவில் அமர்ந்துகொண்டு ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கவோ, படை அனுப்பவோ வரைவு எழுதினால், அது எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் அந்தக் குழுவின் கையில் இல்லாத ஒன்றை எழுதியதாகவே ஆகும். பொதுச் சபை பரிந்துரைக்கலாம், அழைப்பு விடுக்கலாம், வலியுறுத்தலாம், ஊக்குவிக்கலாம், பொதுச்செயலாளரிடம் அறிக்கை கேட்கலாம். உங்கள் வினைச்சொற்கள் இந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

வாக்கு எண்ணிக்கையையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாப்பு சபையில் 15 உறுப்பு நாடுகளில் 9 ஆதரவு வாக்குகள் வேண்டும். நடைமுறை சாராத விஷயங்களில் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் எதுவும் எதிர்த்து வாக்களித்திருக்கக் கூடாது. பொதுச் சபையின் முதன்மைக் குழுக்களில் வாக்களிப்போரில் சாதாரணப் பெரும்பான்மை போதும். இந்தக் கணக்கு தெரிந்தால்தான் எத்தனை நாடுகளை உங்கள் பக்கம் சேர்க்க வேண்டும், யாரைப் பகைத்துக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பது புலப்படும்.

இரண்டாம் படி: நாட்டைப் படியுங்கள், கலைக்களஞ்சியத்தைப் படிக்காதீர்கள்

பெரும்பாலான மாணவர்கள் நாட்டின் தலைநகர், மக்கள்தொகை, நாணயம், தேசியக் கொடியின் நிறங்கள் என்று தொடங்கி இரண்டு நாள்களைச் செலவிட்டுவிடுகிறார்கள். அவற்றில் எதுவும் அவையில் உதவாது. உங்கள் பொருளோடு தொட்டுக்கொள்ளும் தகவலை மட்டும் தேடுங்கள். ஒவ்வொரு தகவலையும் எழுதும்போது, "இதனால் இந்த நாடு இந்தப் பொருளில் எப்படி நடந்துகொள்ளும்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்தத் தகவலை விட்டுவிடுங்கள்.

கஜகஸ்தானை எடுத்துக்கொள்வோம். சோவியத் ஒன்றியத்தின் முதல் அணுகுண்டு 1949 ஆகஸ்ட் 29 அன்று செமிபலாட்டின்ஸ்க் சோதனைத் தளத்தில் வெடிக்கப்பட்டது. 1989 வரை அங்கே 456 அணுச் சோதனைகள் நடந்தன. அந்த ஆண்டில்தான் கவிஞர் ஒல்ஜாஸ் சுலெய்மெனோவ் முன்னின்று தொடங்கிய நெவாடா–செமிபலாட்டின்ஸ்க் இயக்கத்தில் மக்கள் திரண்டார்கள். 1991 ஆகஸ்ட் 29 அன்று தளம் மூடப்பட்டது. முதல் குண்டு வெடித்த அதே தேதி அது, பின்னர் ஐ.நா. அந்த நாளையே அணுச் சோதனைகளுக்கு எதிரான சர்வதேச நாளாக அறிவித்தது. சோவியத் ஒன்றியம் கலைந்தபோது தன் மண்ணில் எஞ்சியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணு ஆயுதங்களை வைத்துக்கொள்ளாமல், 1995-க்குள் அவற்றை ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டது கஜகஸ்தான். அணு ஆயுதத் தடை உடன்படிக்கையை 2019-இல் ஏற்புறுதி செய்தது, அதாவது அதற்குச் சட்டப்படி கட்டுப்பட ஒப்புக்கொண்டது.

இதுவரை படித்தால் நாடு முழுக்க முழுக்க அணுவுக்கு எதிரானது என்று தோன்றும். இங்கே நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. உலகிலேயே மிக அதிகமாக யுரேனியம் உற்பத்தி செய்யும் நாடும் கஜகஸ்தான்தான். உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கிருந்து வருகிறது. அணுமின் உலைகளின் எரிபொருளுக்கான இருப்பை வைத்திருக்கும், சர்வதேச அணுசக்தி முகமையின் குறைசெறிவு யுரேனிய வங்கியும் அந்நாட்டில்தான் இருக்கிறது. ஆகவே, "அணுசக்தியே வேண்டாம்" என்று கஜகஸ்தானின் பெயரில் யாராவது பேசினால் அது அந்நாட்டின் குரலன்று. அதோடு, ரஷ்யா இடம்பெற்றுள்ள கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை அமைப்பில் கஜகஸ்தானும் உறுப்பு நாடு. சோதனைகளை நடத்திய அரசின் வழித்தோன்றலும் அந்த ரஷ்யாதான். துயரத்தைச் சொல்ல வேண்டும், அண்டை நாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் கூடாது.

ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி உள்ளுக்குள் இழுபறி ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வரை ஆய்வை நிறுத்தாதீர்கள். எண்ணெய் விற்று வாழும் நாடு பருவநிலை மாற்றம் பற்றிய குழுவில் அமர்ந்திருக்கலாம். அகதிகளை ஏற்ற நாடே எல்லையில் வேலி கட்டிக்கொண்டிருக்கலாம். நல்ல பேச்சும் நல்ல பேரமும் இந்த இழுபறியைப் புரிந்துகொண்டவரிடமிருந்துதான் வருகின்றன.

மூன்றாம் படி: வாக்குப் பதிவுகளைத் தோண்டுங்கள்

ஒரு நாடு மேடையில் சொல்வதைவிட வாக்களிக்கும் பொத்தானில் சொல்வது உறுதியானது. ஐ.நா. டிஜிட்டல் நூலகத்தில் பொதுச் சபையின் தீர்மானங்களும், பெயர் குறித்து வாக்கெடுப்பு நடந்தவற்றுக்கு நாடுவாரியான வாக்குகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. உடன்படிக்கைகளில் யார் கையெழுத்திட்டார்கள், யார் ஏற்புறுதி செய்தார்கள், என்ன விலக்குகளோடு செய்தார்கள் என்பதை ஐ.நா. உடன்படிக்கைத் தொகுப்பில் பார்க்கலாம். கையெழுத்தும் ஏற்புறுதியும் ஒன்றல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். அணுச் சோதனைகளை முழுமையாகத் தடைசெய்யும் உடன்படிக்கை 1996-இல் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டது. அதன் இணைப்பில் பெயர் குறிக்கப்பட்ட 44 நாடுகளும் ஏற்புறுதி செய்தால்தான் நடைமுறைக்கு வரும் என்பதால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்டும் ஏற்புறுதி செய்யாமல் இருக்கின்றன. ரஷ்யா 2023-இல் தன் ஏற்புறுதியைத் திரும்பப் பெற்றது.

எண்களை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது இன்னொரு பொறி. தண்ணீரும் துப்புரவு வசதியும் மனித உரிமை என்று அறிவித்த 64/292 எண் தீர்மானம் 2010 ஜூலை 28 அன்று 122 ஆதரவு வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 41 நாடுகள் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றன. அன்றிருந்த 192 உறுப்பு நாடுகளில் மீதி 29 வாக்கெடுப்பில் பங்கேற்கவில்லை. விலகி நின்றவற்றில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவையும் உண்டு. இதை வைத்து, "இந்த நாடுகள் ஏழைகளுக்குத் தண்ணீர் கிடைப்பதை விரும்பவில்லை" என்று எழுதினால் அது பிழை. அவற்றுள் சில, இதே பொருள் ஜெனீவாவில் மனித உரிமைகள் மன்றத்தில் ஆராயப்பட்டு வரும்போது நியூயார்க்கில் அவசரப்பட்டு வாக்கெடுப்பு நடத்துவதை ஏற்கவில்லை என்று காரணம் கூறின. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த மன்றம் இந்த உரிமையை வாக்கெடுப்பின்றி ஒருமனதாக உறுதிசெய்தது. வாக்கெடுப்புக்கு முன்னும் பின்னும் நாடுகள் அளிக்கும் வாக்கு விளக்கங்கள் கூட்ட நடவடிக்கைப் பதிவுகளில் இருக்கும். அவற்றைத் தேடிப் படியுங்கள். என் அனுபவத்தில், ஒரு பிரதிநிதியின் தயாரிப்பில் இதற்கு இணையான பயன் தரும் வேறு எந்த ஆவணமும் இல்லை. நாட்டின் அச்சமும் கௌரவமும் அதன் சொந்தச் சொற்களிலேயே அங்கே கிடைக்கின்றன.

இவற்றோடு, ஒவ்வொரு செப்டம்பரிலும் நடைபெறும் பொது விவாதத்தில் அந்நாட்டுத் தலைவர் ஆற்றிய உரையையும், வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தையும், நியூயார்க்கிலுள்ள நிரந்தரத் தூதுக்குழுவின் அறிக்கைகளையும் பாருங்கள். செய்தித்தாள்கள் பின்னணிக்கு உதவும். நிலைப்பாட்டுக்கு ஆதாரமாக அவற்றை வைக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பயன்படுத்துவோர் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். இல்லாத தீர்மானத்துக்கு நம்பத்தகுந்த எண்ணையும் தேதியையும் அவை எழுதித் தந்துவிடும். அவை சொன்ன எந்த எண்ணையும் டிஜிட்டல் நூலகத்தில் நீங்களே திறந்து பார்க்காமல் தாளில் ஏற்றாதீர்கள்.

நான்காம் படி: ஒரே தாளில் மூன்று பகுதிகள்

இவ்வளவு படித்த பிறகு கையில் நாற்பது பக்கக் குறிப்புகள் சேர்ந்திருக்கும். அவையில் நாற்பது பக்கத்தைப் புரட்ட நேரம் கிடைக்காது. ஒரு முழுத்தாளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். முதற்பகுதியில் உங்கள் நாடு முன்னின்று கேட்பவை; இரண்டாவதில் பேரத்துக்கு உரியவை; மூன்றாவதில் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ளாதவை. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். பதிவில் இருப்பதற்கு "ப" என்றும், நீங்களே ஊகித்ததற்கு "ஊ" என்றும் நான் எழுதச் சொல்வேன். ஊகிப்பது தவறன்று, எந்தத் தூதருக்கும் எல்லாக் கேள்விக்கும் தலைநகரிலிருந்து பதில் வந்துவிடாது. ஆனால் எது ஊகம் என்று தெரியாமல் பேசுவது தவறு.

கஜகஸ்தானின் தாளில் முதற்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கும்: பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவ உதவி, ப; மாசடைந்த நிலத்தைச் சீரமைப்பதில் சர்வதேச ஒத்துழைப்பு, ப; 1997 முதல் செமிபலாட்டின்ஸ்க் பகுதிக்கான பொதுச் சபைத் தீர்மானங்கள், ப; இதே பொருளில் கிரிபாட்டியோடு இணைந்து 2023-இல் கொண்டுவந்த தீர்மானம், ப. இரண்டாம் பகுதியில் நிதியம் கட்டாயமா தன்னார்வமா என்பது, ஊ. அறிக்கை ஆண்டுதோறுமா இரண்டாண்டுக்கு ஒருமுறையா என்பது, ஊ. மூன்றாம் பகுதியில் ஒரு நாட்டைப் பெயர் சொல்லிக் கண்டிப்பது, ஊ. அமைதி வழியில் அணுசக்தியைப் பயன்படுத்தும் உரிமையைக் குறைப்பது, ப, ஏனெனில் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையின் நான்காம் பிரிவு அந்த உரிமையைக் காக்கிறது, கஜகஸ்தானும் அதில் ஓர் உறுப்பு நாடு.

நிலைப்பாட்டு அறிக்கை கேட்கும் மாநாடுகளுக்கு இந்தத் தாளையே விரித்தெழுதினால் போதும். பொருளின் பின்னணிக்கு ஒரு பத்தி, நாடு இதுவரை செய்ததற்கு ஒரு பத்தி, முன்வைக்கும் தீர்வுக்கு மிச்ச இடம் முழுவதும். பின்னணியை நீட்டி எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதைக் குழுத் தலைவர் ஏற்கெனவே கையேட்டில் எழுதியிருப்பார்.

தாளின் பின்புறத்தில் மற்ற நாடுகள். 193 நாடுகளையும் ஆராய முடியாது. யாரோடு சேர்ந்து வரைவு எழுதலாம் என்று நான்கைந்து பெயர்கள், யார் எதிர்ப்பார்கள், எந்தச் சொல்லுக்காக எதிர்ப்பார்கள் என்று மூன்று பெயர்கள் போதும். நம் எடுத்துக்காட்டில், தம் மண்ணிலும் கடலிலும் சோதனைகளைக் கண்ட கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள் போன்ற பசிபிக் தீவு நாடுகள் இயல்பான கூட்டாளிகள். மத்திய ஆசியாவை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கிய 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர்ந்த கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகியவையும் அப்படியே. சோதனை நடத்திய நாடுகளோ "பொறுப்பு", "இழப்பீடு" என்ற சொற்களைக் கண்டதும் பின்வாங்கக்கூடும். அவற்றுக்கு மாற்றாக எந்தச் சொல்லை வைக்கலாம் என்பதை வீட்டிலேயே யோசித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தீர்வைச் செயலாக எழுதுங்கள்

"எல்லா நாடுகளும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வேண்டும்" என்பது தீர்வன்று, வாழ்த்து. யார் செய்வது, எந்த அமைப்பின் வழியாக, எந்தப் பணத்தில், யாரிடம் கணக்குக் காட்டுவது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை இருந்தால்தான் அது செயற்பாட்டுப் பத்தியாகும், அதாவது தீர்மானத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பத்தியாகும். அதே விருப்பத்தை இப்படி எழுதலாம்:

"அணுச் சோதனைகளால் பாதிக்கப்பட்ட நாடுகள் கேட்டுக்கொள்ளும்போது, கதிர்வீச்சுசார் நோய்களைக் கண்டறியும் மருத்துவப் பயிற்சியையும் கருவிகளையும் வழங்குமாறு, அதற்கு இயலும் நிலையிலுள்ள உறுப்பு நாடுகளுக்கு அழைப்பு விடுக்கிறது, இதற்கென உலக சுகாதார நிறுவனத்துடன் கலந்தாலோசித்துத் தன்னார்வ நிதியம் ஒன்றை அமைப்பதற்கான வாய்ப்புகளை ஆராய்ந்து, அடுத்த அமர்வில் அறிக்கை அளிக்குமாறு பொதுச்செயலாளரைக் கேட்டுக்கொள்கிறது."

"கேட்டுக்கொள்ளும்போது" என்ற சொல் பாதிக்கப்பட்ட நாட்டின் இறையாண்மையைக் காக்கிறது. "இயலும் நிலையிலுள்ள" என்ற தொடர் ஏழை நாடுகளின் தயக்கத்தை நீக்குகிறது. "தன்னார்வ" என்பது பணம் கொடுக்க வேண்டிய நாடுகளை அறையிலேயே இருக்கவைக்கிறது. ஒவ்வொரு சொல்லும் ஒரு வாக்கைக் காப்பாற்றுவதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது. உண்மையான தீர்மானங்கள் ஏன் அவ்வளவு நீளமாகவும் நிதானமாகவும் இருக்கின்றன என்று வியப்பவர்கள், இப்படி ஒரு பத்தியைத் தாமே எழுதிப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள். வரைவுக்கு அனுமதியில்லாத மாநாடுகளில் இந்தப் பத்திகளை எழுதிக் கொண்டுபோகாமல், கருத்துகளை மட்டும் மனத்தில் வைத்திருந்து அங்கே எழுதுங்கள்.

ஆறாம் படி: தொடக்க உரை

இப்போதுதான் உரை. தொடக்க உரைக்குப் பெரும்பாலும் அறுபது முதல் தொண்ணூறு விநாடிகளே கிடைக்கும். அதற்குள் மூன்று வேலைகள் முடிய வேண்டும்: இந்தப் பொருள் உங்கள் நாட்டுக்கு ஏன் முக்கியம், நாடு என்ன கேட்கிறது, யாரோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் ஐம்பது பிரதிநிதிகளில் யார் எழுந்து உங்களிடம் வர வேண்டும் என்பதைச் சொல்லாமல் முடிந்த உரை, கைதட்டலோடு போய்விடும்.

என்னிடம் காட்டப்படும் முதல் வரைவுகளில் பத்தில் எட்டு இப்படித்தான் தொடங்குகின்றன: "இன்று உலகமே அணு ஆயுதம் என்னும் அரக்கனின் கோரப்பிடியில் சிக்கித் தவித்துக்கொண்டிருக்கிறது." இந்த வாக்கியத்தை எந்த நாடும் சொல்லலாம், அதனாலேயே எந்த நாடும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நாடு மட்டுமே சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தில் தொடங்குங்கள். தாளை வைத்துக்கொண்டு நான் எழுதிப் பார்த்த உரை இது:

"மாண்புமிகு தலைவர் அவர்களே, மதிப்பிற்குரிய பிரதிநிதிகளே. 1949 ஆகஸ்ட் 29 அன்று செமிபலாட்டின்ஸ்கில் முதல் அணுகுண்டு வெடித்தது. 1991-இல் அதே ஆகஸ்ட் 29 அன்று அந்தத் தளம் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அங்கே நடந்த சோதனைகள் 456. தளம் மூடப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மண்ணிலும் அங்கு வாழும் குடும்பங்களிலும் அதன் விளைவு தொடர்கிறது. கஜகஸ்தான் இன்று இந்தக் குழுவிடம் மூன்றைக் கேட்கிறது: பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவ உதவி, மாசடைந்த நிலத்தை அளந்து சீரமைப்பதில் தொழில்நுட்ப ஒத்துழைப்பு, இவ்விரண்டுக்குமான தன்னார்வ நிதியம். கடந்த காலத்துக்குத் தீர்ப்பு எழுத நாங்கள் வரவில்லை. இன்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்காக வந்திருக்கிறோம். 2023-இல் கிரிபாட்டியோடு இணைந்து தொடங்கிய பணியை இங்கே தொடர விரும்புகிறோம். பசிபிக் தீவு நாடுகளையும் மத்திய ஆசிய நாடுகளையும், உதவும் திறனுள்ள எல்லா நாடுகளையும் அடுத்த இடைவேளையில் எங்கள் மேசைக்கு அழைக்கிறோம். நன்றி."

இதில் ரஷ்யாவின் பெயரோ சோவியத் ஒன்றியத்தின் பெயரோ இல்லை என்பதைக் கவனியுங்கள். "வெடித்தது" என்றிருக்கிறது; "வெடித்தார்கள்" என்று இல்லை. "தீர்ப்பு எழுத நாங்கள் வரவில்லை" என்ற வாக்கியம் தாளின் மூன்றாம் பகுதியிலிருந்து வந்தது. "தன்னார்வ" என்ற சொல் இரண்டாம் பகுதியிலிருந்து வந்தது. "மின்சாரத்துக்காகவும் அணு வேண்டாம்" என்ற பொருள் எங்கும் எட்டிப்பார்க்கவில்லை, யுரேனியத்தின் காரணமாக. எழுதி முடித்த உரையில் ஒவ்வொரு வாக்கியத்தின் மீதும் விரலை வைத்து, "இதை இந்த நாடு சொல்லுமா? எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பதில் தாளில் இல்லாவிட்டால் வாக்கியத்தை அடித்துவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அவை மரபில் "நான்" என்று பேசுவதில்லை. நாட்டின் பெயரையோ "நாங்கள்" என்பதையோ பயன்படுத்துங்கள். மற்றவர்களையும் "நீங்கள் சொன்னது" என்று குறிக்காமல், "நார்வேயின் மதிப்பிற்குரிய பிரதிநிதி குறிப்பிட்டதுபோல" என்று சொல்லுங்கள். எந்த மொழியில் பேசப்போகிறீர்களோ அந்த மொழியிலேயே முதலிலிருந்து எழுதுங்கள். ஒரு மொழியில் எழுதி இன்னொன்றில் பெயர்த்த உரையை வாசிக்கும்போது மூச்சு தவறான இடத்தில் முட்டும். எண்கள் ஓர் உரைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். கேட்பவர் அதற்கு மேல் பிடித்துக்கொள்ள மாட்டார்.

எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மூச்சுவிடும் இடங்களில் கோடு போட்டு, நின்றபடி, கடிகாரத்தை வைத்து உரக்கப் படியுங்கள். மனத்துக்குள் படித்துப் பார்த்த நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும். ஒதுக்கிய நேரத்தைவிடப் பத்து விநாடி முன்னதாக முடியுமாறு வெட்டுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியவை முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டுமே. அந்த இரண்டையும் சொல்லும்போது கண்கள் தாளில் இருக்கக் கூடாது.

ஏழாம் படி: எழுதாத உரைகளுக்கான தயாரிப்பு

தொடக்க உரை ஒரே ஒருமுறைதான். அதன் பிறகு, குறிப்பிட்ட துணைப்பொருளின் மீது அரை நிமிடமோ முக்கால் நிமிடமோ பேசும், மாடரேட்டட் காகஸ் எனப்படும், தலைவர் நெறிப்படுத்தும் குறுவிவாதங்கள்தாம் மாநாட்டின் பெரும்பகுதி. இவற்றுக்கு முழு உரை எழுதி வைப்பது வீண். முந்தைய பேச்சாளர் சொன்னதைத் தொட்டுப் பேசாதவர், அறையில் இல்லாதவர்போல ஆகிவிடுவார். மாறாக, வரக்கூடிய ஆறேழு துணைப்பொருள்களை ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் சிறு அட்டை ஒன்று எழுதுங்கள். அட்டையில் ஒரு தகவல், அதன் ஆண்டும் ஆவண எண்ணும், ஒரு முன்மொழிவு. அவையில் எழும்போது முந்தையவரின் ஒரு கருத்தை ஏற்றோ மறுத்தோ தொடங்கி, அட்டையிலுள்ள தகவலைச் சொல்லி, முன்மொழிவில் முடியுங்கள்.

உங்களைச் சங்கடப்படுத்தக்கூடிய மூன்று கேள்விகளையும் எழுதுங்கள். கஜகஸ்தானிடம் கட்டாயம் கேட்பார்கள்: "உலகுக்கு யுரேனியம் விற்றுக்கொண்டே அணு ஆயுதத் தடையைப் பேசுவது எப்படி?" இதற்குத் தயக்கமின்றிப் பதில் வர வேண்டும்: "கஜகஸ்தான் மின் உற்பத்திக்காக, சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு உட்பட்டு யுரேனியம் விற்கிறது. ஆயுதத்தை மறுப்பதும் அமைதிப் பயன்பாட்டை ஆதரிப்பதும் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை என்ற ஒரே உடன்படிக்கையின் இரண்டு பிரிவுகள்." நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்து, இரக்கமில்லாமல் கேட்கச் சொல்லுங்கள்.

காலக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் கையில் இருந்தால் முதல் வாரத்தை விதிகளுக்கும் நாட்டுக்கும், இரண்டாவதை வாக்குப் பதிவுகளுக்கும் தாளுக்கும், மூன்றாவதைத் தீர்வுக்கும் உரைக்கும் ஒதுக்குங்கள். ஒரு வாரமே இருந்தாலும் வரிசையை மாற்றாதீர்கள். உரையை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தகவல் தேடினால், கிடைத்த தகவலையெல்லாம் உரைக்கு ஏற்றபடி வளைக்கத் தோன்றும்.

மாநாட்டு நாளில் அந்த ஒரு தாளை மேசையின் மேல் கண்ணில் படும்படி வையுங்கள். இரண்டாம் நாள் பிற்பகலில் வரைவுகள் ஒன்றாக இணையும் நேரத்தில்தான் அதன் உண்மையான வேலை தொடங்கும். எல்லோரும் களைத்திருப்பார்கள்; யாரோ ஒருவர் உங்கள் வரைவில் "சோதனை நடத்திய நாடுகளின் பொறுப்பைக் கண்டித்து" என்ற ஒரு தொடரைச் சேர்த்தால் இருபது வாக்குகள் கூடும் என்பார். தாளின் மூன்றாம் பகுதியைப் பாருங்கள். பிறகு நிதானமாகச் சொல்லுங்கள்: "இந்தத் தொடரோடு கஜகஸ்தானால் இணைமுன்மொழிவாளராக இருக்க இயலாது. இதற்குப் பதிலாக, 'சோதனைகளின் நீடித்த விளைவுகளை ஆழ்ந்த கவலையுடன் கருத்தில் கொண்டு' என்று எழுதி முன்னுரைப் பகுதிக்கு மாற்றினால், இப்போதே கையெழுத்திடுகிறோம்."